சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

தம்பி,

பிள்ளை பால் உறிஞ்சும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். உத்தமபாளையத்தில் உன் மாமனார் வீட்டில் மருமகளும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. மருமகளுக்குக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது, டப்பாப் பால்தான் கொடுக்கிறோம் என்பதையும் வாசித்தேன். அங்கே குழாய்த் தண்ணீர், அதனால் இந்த நிமிஷம் வரை பயமில்லை. ஆனால் அணையிலிருந்து தண்ணீர் திறந்தவுடன் நல்ல நாள் பார்த்து இருவரையும் மார்க்கையன்கோட்டைக்குக் கூட்டிவரப் போவதாகவும், அத்தைக்கு ஒத்தாசையாக நான் முன்கூட்டியே தேனியிலிருந்து வந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். கூட்டிவராதே. நான் சொல்லுகிற ஏற்பாடு ஆகும் வரை பிள்ளை அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். ஏன் என்பதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உன் கல்யாணத்தில் மைக்கை நீட்டி நாலு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னபோது பந்திக்கட்டுக்குள் போய் அப்பளம் எண்ணிக்கொண்டு நின்றவள் நான். எழுதினால்தான் எனக்கு வரும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். போடியில் உன் தாத்தா ஏலக்காய்க் கடையில் மூட்டை தைத்தார், உன் பாட்டி காய் தரம் பிரித்தாள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து முறத்துக்கு முன்னால் உட்காருவேன். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளிறினது ஒரு பக்கம். பேச வராத பெண்ணுக்குக் கண்ணாவது வேலை செய்ய வேண்டும் அல்லவா, நிறத்தில் சின்ன மாற்றம் இருந்தாலும் எனக்குப் பிடிபட்டுவிடும். மதுரையில் வேதியியல் படித்துவிட்டு மண் பரிசோதனை ஆபீஸில் சேர்ந்ததும் அந்தக் கண்ணைத்தான் அங்கேயும் கொண்டுபோனேன். விவசாயிகள் மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். நாங்கள் பார்த்து, நெல்லுக்கு இத்தனை யூரியா போடு என்று எழுதிக் கொடுப்போம். அப்படி மண் கொண்டுவந்தவர்களில் ஒருவர்தான் உன் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "எம் பொண்டாட்டி எழுதிக் குடுத்த அளவுதான் எனக்கு வேதம். அதுக்கு மேல ஒரே ஒரு சட்டி, அது எம் பிரியத்துக்கு."

அந்த ஒரு சட்டியை எல்லோரும் பிரியத்துக்குப் போட்டார்கள். நம் ஊரில் யூரியாவுக்கு உப்பு என்றுதான் பெயர். உப்புப் போட்டால் வயல் கறுத்துப் பச்சை பிடிக்கும், பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்ப்பான். நமக்கு மேல்வயல்காரர் போடும் உப்பு, மடை வழியாக நம் வயலுக்கு வழிந்து வரும், நம்முடையது கீழ்வயலுக்குப் போகும். ஆளுக்கு ஆள் வரப்பில் நின்று கேலி பேசிக்கொள்வதே அதைப் பற்றித்தான். "என்ன மச்சான், எங்கிட்ட ஓசி உப்பு வாங்கித்தான நெல்லு விளைஞ்சுச்சு?" என்பார் மேல்வயல்காரர். உன் அப்பா, "அதான் சோறு கரிக்குது" என்பார். வரப்புக்கு மேலே வழிகிறது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வரப்புக்குக் கீழே, மண்ணுக்குள்ளே எது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வயல்கள் முடியும் இடத்தில், தாழ்வில், நம் வீட்டுக் கிணறு இருக்கிறது.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்த வருஷம் உன் அத்தை தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். சின்னமனூரில் கட்டிக்கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. ஆண் பிள்ளை. உனக்கு அவன் ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, தொட்டில் கயிற்றை நீதான் பிடித்து ஆட்டுவாய். அத்தைக்கும் பால் போதவில்லை, டப்பாப் பால் வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரைத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். நம் வீட்டில் சும்மா கொதிக்க வைப்பதெல்லாம் பழக்கமில்லை. பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் உள்ள தண்ணீர் என்றால் வெண்கலப் பானையில் ஊற்றி, ஓமம் முடிந்து போட்டு, பாதிக்குப் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். கசாயம் போலக் குறுகினால்தான் தண்ணீரின் தீட்டுப் போகும் என்று நம்பிக்கை. உன் அத்தை அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. அடுப்பு முன்னால் வேர்வை ஒழுக உட்கார்ந்து பானைக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். படித்த நானே அதைப் பார்த்துப் பிள்ளை கொடுத்து வைத்தவன் என்று நினைத்திருக்கிறேன்.

கோடை முழுக்க வெடித்துக் கிடந்த வயலில் அணைத் தண்ணீர் பாய்ந்தது. கிணற்றிலும் மளமளவென்று ஊறி ஏறியது. உன் அப்பா ஒரு வாளி இறைத்து அப்படியே குடித்துவிட்டு, "இளநி தோத்துரும்" என்றார். அந்த வாரத்தில்தான் பிள்ளையின் உதடு நிறம் மாறியது. நாவல் பழக் காலம் அது. உன் அப்பா உன்னைக் கூப்பிட்டு, "ஏலே, தம்பிக்கு நாகப்பழம் ஊட்டுனியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நீ இல்லை இல்லை என்று அழுதாய். அழும்போது நான் பிள்ளையின் நகத்தைப் பார்த்தேன். நகமும் அதே நிறம். ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, கருப்பட்டிக் காப்பி போல இருந்தது. இருதயத்தில் கோளாறு இருக்கும், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பஸ்ஸில் அத்தையின் மடியிலேயே பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. கண்டக்டருக்குத் தெரிந்தால் இறக்கிவிடுவாரோ என்று அவள் முந்தானையால் மூடி, பால் கொடுப்பதுபோல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நடவுக்காரிகளுக்குக் கஞ்சி காய்ச்சணும்னு அடுப்பக் கேட்டாக. அன்னைக்குச் சுண்டுறதுக்குள்ள பானைய எறக்கிட்டேன். அரைகுறைத் தண்ணியக் குடுத்துக் கொன்னுட்டேன்." யார் என்ன தேற்றியும் கேட்கவில்லை. அப்புறம் சின்னமனூருக்குப் போனாள், வந்தாள், போனாள். ஒரு தடவை வந்தவள் திரும்பிப் போகவில்லை. நீ வளர்ந்தபின் என்னிடம் கேட்டிருக்கிறாய், அத்தை ஏன் யார் பிள்ளையையும் தூக்குவதில்லை என்று. நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

ஆபீஸில் கிடந்த ஒரு பழைய அறிவியல் பத்திரிகையில், வெளிநாட்டில் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்தது பற்றி நான் வாசித்தது, பிள்ளையைப் புதைத்த பிறகுதான். யூரியா மண்ணுக்குள் போய் நைட்ரேட் ஆகிறது. பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். பெரியவர்களை அது ஒன்றும் செய்வதில்லை, நீயும் நானும் அதே கிணற்றைத்தான் குடித்தோம். சில மாதக் குழந்தையின் ரத்தத்தை மட்டும் அது காற்றைச் சுமக்க விடாமல் செய்துவிடும். யாரும் நம்பாததற்கும் அதுதான் காரணம். மறுநாளே நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு சீசாவில் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அந்தச் சோதனையில் முதல் வேலை, தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்ச் சட்டிமேல் வைத்து முழுவதும் வற்றவிடுவது. தண்ணீர் ஆவியாகிப் போகும், நைட்ரேட் போகாது, கிண்ணத்தின் அடியிலேயே தங்கும். எத்தனையோ தடவை செய்த வேலைதான். அன்று கிண்ணத்தில் தண்ணீர் குறையக் குறைய, எனக்கு அந்த வெண்கலப் பானை ஞாபகம் வந்தது. அமிலம் விட்டு, அம்மோனியா விட்டதும் கிண்ணத்தில் மஞ்சள் எழும்பியது. பாதியாகச் சுண்டினால் கிருமி சாகும், நைட்ரேட் இரண்டு மடங்காகும்.

அப்புறம் ஆபீஸ் மூலையில் சாக்கடைக்குப் போடும் மண்குழாய் ஒன்றை நிறுத்தி, நம் வயல் மண்ணை வெட்டி எடுத்த வரிசையிலேயே உள்ளே அடைத்தேன். மேலே சேறு, நடுவில் களி, அடியில் மணல். குழாய்க்குள் நின்ற வயல் அது. நாற்று மட்டும்தான் இல்லை. உப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தியே வைத்திருந்தபோது அடியில் சொட்டிய தண்ணீர் லேசாகத்தான் நிறம் காட்டியது. கோடையில் கிடக்கிற மாதிரி காயப்போட்டு, அணை திறந்த மாதிரி ஒரேயடியாக ஊற்றியபோது முதலில் வடிந்தது அடர் மஞ்சள். தண்ணீர் நிற்கும் வரை மாறாமல் கிடந்த உப்பு, காய்ந்த மண்ணில் நைட்ரேட் ஆகி, முதல் தண்ணீருக்காகக் காத்திருந்து, வந்ததும் மொத்தமாகக் கீழே இறங்குகிறது. ஊரே புதுத் தண்ணீர் என்று கும்பிட்டுக் குடிக்கிற வாரம்தான் கிணறு மிக மோசமாக இருக்கும் வாரம். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு நா குழறியது. அவர் குழாயைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தாம்மா பண்ணிருக்கீங்க. ஆனா எவ்வளவு போடணும்னு சொல்றதுதான் நம்ம வேல. எவ்வளவு போகுதுன்னு சொல்றது இல்ல" என்றார். குழாயை ஓரமாக நகர்த்தி வைக்கச் சொன்னார்.

உன் அப்பா நம்பினார். என் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அவகிட்டச் சொல்லிறாத. அரைகுறையாக் காய்ச்சுனதுக்கே இந்தப் பாடு படுறா. காய்ச்சுனதே தப்புன்னு தெரிஞ்சா அந்தக் கெணத்துலயே விழுந்துருவா" என்றார். அந்த வருஷம் அவர் செய்து பார்த்த வேலைகளையெல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கிணற்றோரக் குப்பைக்குழியை மூடி வேறு பக்கம் மாற்றினார். உப்பை வேப்பம் புண்ணாக்கோடு கலந்து, ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். உப்புப் போட்ட நாளில் மடையை அடைத்தார். அறுப்பு முடிந்ததும் மிச்ச ஈரத்தில் மாட்டுச் சோளம் விதைத்தார், மண்ணில் மிச்சம் இருப்பதை அது உறிஞ்சி எடுத்துக்கொள்ளட்டும் என்று. அடுத்த ஆனியில் கிணற்றைச் சோதித்தேன். மஞ்சள் ஒரு நூல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வயலை மட்டும் சுத்தமாக வைத்தால் கிணற்றுக்கு அது போதாது. மேல்வயல்காரரிடம் போனோம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "கெணத்துல யூரியாவா? அப்ப உங்களுக்கு யோகந்தான் மதினி. அதையே எறச்சு வயலுக்குப் பாச்சுங்க, மூட்டை மிச்சம்." கூட நின்றவர்களும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் சோளம் விதைக்கவில்லை.

இப்போது அந்த மண்வெட்டி உன் கையில் இருக்கிறது. கதிர் வரும் நேரத்தில் இன்னொரு கை உப்பு எதற்கு என்று போன தடவை கேட்டேன். "உன் ஆபீஸ் அளவெல்லாம் பழசும்மா" என்றாய். உன் அப்பாவின் திதிக்கு நான் வந்தபோது, நீ பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் கிணற்றில் ஒரு சீசா மொண்டு பைக்குள் வைத்துக்கொண்டேன். தேனியில் சோதித்தேன். அந்தப் பிள்ளை இறந்த வருஷத்து மஞ்சள் என் கண்ணில் இன்னும் இருக்கிறது. இது அதைவிட அடர்த்தி. கோடைத் தண்ணீரே இப்படி என்றால் புதுத் தண்ணீர் இறங்கியதும் எப்படி இருக்கும் என்று நீயே எண்ணிப்பார். இன்னொன்றும் சொல்கிறேன். நம் கிணற்றுக்கும் கீழே நடவுக்காரிகள் தெருக் கிணறு இருக்கிறது. அங்கே கைக்குழந்தைகள் மாந்தத்திலும் தோஷத்திலும் போய்விட்டதாகச் சொல்லி எத்தனையோ தடவை நம் வீட்டில் வேலைக்கு வராமல் நின்றிருக்கிறார்கள். எது மாந்தம், எது நம் வயல் என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கப் போகவில்லை.

பிள்ளை பிறந்த அன்று அத்தை தேனி ஆஸ்பத்திரிக்கு வந்தாளே, அப்போது வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பானையப் புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன் மதினி. இந்தத் தடவ கால்வாசியாச் சுண்டுனாத்தான் எறக்குவேன். நடவாவது மண்ணாவது, எவன் அடுப்பக் கேக்கான்னு பாக்கேன்." எத்தனையோ வருஷம் கழித்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். உன் அப்பா வாங்கிக்கொண்ட வாக்கு எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்த வராந்தாவிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "அப்ப காய்ச்சாமயே குடுத்துருந்தா பொழச்சிருப்பானா?" என்று கேட்டாள். "தெரியல ஆத்தா. அந்தத் தண்ணியே கெட்ட தண்ணிதான்" என்றேன். பிழைத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவள் உன் பிள்ளையைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாள். வயிற்றுவலி என்று உன்னிடம் நான் சொன்னது பொய்.

முந்தாநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு தூக்குவாளி. "இது மலையடிப் புஞ்சைக் கெணத்துத் தண்ணி. இது வீட்டுக் கெணறு. ரெண்டையும் எங்கண்ணு முன்னால பாரு" என்றாள். அணைத் தண்ணீரும் உப்பும் எட்டாத அந்தப் புஞ்சைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டில் அதை மாட்டுக்குக்கூட எடுப்பதில்லை. இரண்டு கிண்ணத்திலும் ஊற்றி வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, பானையைப் பார்ப்பது போலவே எட்டி எட்டிப் பார்த்தாள். புஞ்சைத் தண்ணீர் வற்றி அடியில் வெள்ளையாகப் படிந்ததும், "என்னமோ இருக்கே" என்று பதறினாள். அது சுண்ணாம்பு, பருப்பு வேகாததற்கு அதுதான் காரணம், பிள்ளையை ஒன்றும் செய்யாது என்றேன். அம்மோனியா விட்டேன். நிறம் எழவில்லை. வீட்டுக் கிணற்றுக் கிண்ணத்தில் விட்டதும் மஞ்சள் பொங்கி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெதுவாக, யாரிடமோ கணக்குச் சரிபார்ப்பது போலக் கேட்டாள்: "இதுல பாதி சுண்டுனது இன்னும் மஞ்சளா இருக்கும். அரைகுறையாச் சுண்டுனது அதவிடக் கம்மியா இருக்கும். அப்படித்தான?" ஆமாம் என்றேன். "அப்ப நா அவசரத்துல எறக்குனேன் பாரு, அந்த ஒரு நா குடுத்ததுதான் உள்ளதுலயே நல்ல தண்ணியா?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். "மத்த நாளெல்லாம் ஒழுங்காக் காய்ச்சுனேன்" என்றாள். குடத்தைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஆபீஸ் வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு எழுந்தாள்.

தம்பி, இந்த வருஷக் கிணற்றுக்கு நீயும் நானும் செய்ய ஒன்றுமில்லை. போக வேண்டியது மண்ணுக்குள் தயாராகக் கிடக்கிறது, தண்ணீர் திறந்தால் இறங்கிவிடும். வருகிற வருஷத்துக்கு வழி இருக்கிறது. உன் அப்பா ஒரு வருஷம் செய்துவிட்டு விட்டதை நீ விடாமல் செய். கடைசிக் கை உப்பை நிறுத்து, மடையை அடை, கோடைக்குச் சோளம் விதை. மேல்வயல்காரர் மகன் உன்னோடு படித்தவன், உன் பேச்சைக் கேட்பான். சிரித்தால் சிரிக்கட்டும், நீ சிரிக்காதே. நடவுக்காரிகள் தெருவுக்கு நானே போகிறேன். எத்தனை வீட்டு வாசலில் எனக்கு வார்த்தை நின்றுபோகுமோ தெரியாது, போகிறேன்.

பிள்ளையைக் கூட்டிவருவதற்கு முன் ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய். தினமும் புஞ்சைக் கிணற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். அந்தத் தண்ணீர் அத்தையின் பொறுப்பு, வேறு யாரும் தொட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிடு. முந்தாநாள் பஸ் ஏற்றிவிடப் போனபோது அவள் என்னிடம், "ஒரு கொதி போதும்ல மதினி?" என்று கேட்டாள். போதும் என்று சொன்னேன். அதனால் இனி ஒவ்வொரு வேளையும், கொதி வந்தவுடன், சுண்டுவதற்கு முன்பே அவள் பானையை இறக்குவாள். இத்தனை வருஷமாக எதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டாளோ, அதே காரியத்தை உன் பிள்ளைக்காக நாள் முழுக்கச் செய்யப் போகிறாள். அந்த நேரம் நீ அடுப்படியில் நிற்காதே. வெளியே போய் வண்டியில் குடங்களை ஏற்று.

அம்மா